வெளியே விடும் சொல்

செவ்வாய்க் கிரகத்தில் இருந்துகொண்டு கணவனோடு சண்டை போடுவது லேசுப்பட்ட காரியமல்ல. “உங்களுக்கு என் நினைப்பே கிடையாது” என்று இங்கிருந்து ஒரு வார்த்தையை வீசினால் அது பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம். அவர் பதிலுக்கு வாயைத் திறந்தால் அது இங்கே வர இன்னொரு இருபது. அதற்குள் கோபம் ஆறி, பசி வந்து, சாப்பாடே முடிந்துவிடும். சண்டை போட முடியாதவர்கள் எத்தனை நாளைக்குக் கணவன் மனைவியாக இருப்பார்கள்? அனுப்பிவைத்தவர்களுக்கு இந்தச் சங்கடம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. ராக்கெட் விடுகிறவர்களுக்குக் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நாம் நினைத்துவிடக் கூடாது.

அதற்காகத்தான் இணைக்குரல் என்ற ஏற்பாடு. புறப்படுவதற்கு முன் பல மாதங்கள் சுகிர்தாவும் அவள் கணவர் அருமைநாயகமும் வீட்டில் பேசியதையெல்லாம் ஒரு இயந்திரம் கேட்டுக்கொண்டே இருந்தது. காய்கறி விலை, மாமியார் வீட்டு விசேஷம், மகள் ஷைனியின் வீட்டுப்பாடம், எல்லாவற்றையும்தான். பிறகு அருமைநாயகத்தின் குரலோடும் குணத்தோடும் ஒன்று சுகிர்தாவுடன் செவ்வாய்க்கு வந்தது. சுகிர்தாவின் குரலோடு இன்னொன்று அங்கே வீட்டிலேயே தங்கியது. இவள் பேசினால் இயந்திரம் அவர் மாதிரி உடனே பதில் சொல்லும். இவள் பேசியது அவருக்கும் போகும். அவருடைய நிஜமான பதில் சாவகாசமாக வந்து சேர்ந்ததும், “இதையும் சேர்த்துக்கொள்ளவா?” என்று இயந்திரம் கேட்கும். சேர்க்கச் சொன்னால், மனிதர் மாற மாற அதுவும் கூடவே மாறிக்கொள்ளும்.

முதல் இரண்டு வருடம் சுகிர்தா ஒவ்வொரு தடவையும் “சேர்” என்றுதான் சொன்னாள். அப்புறம் தண்ணீர் சுத்திகரிக்கும் பகுதியில் ஓயாத தொல்லை. முகாமின் தண்ணீருக்கும் காற்றுக்கும் அவள்தான் பொறியாளர். வேலை முடித்து வந்து விழும்போது புதிதாக எதையும் கேட்கத் தெம்பிருக்காது. “பிறகு” என்று சொல்லிவிடுவாள். அந்தப் ‘பிறகு’ வரவே இல்லை. பழைய அருமைநாயகத்தோடு பேசுவது சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

முகாமில் மொத்தம் நான்கு பேர். அதில் இரண்டு பேர் பனிக்கட்டி தோண்டுவதற்காக மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள், எப்போதாவதுதான் வருவார்கள். மிச்சம் சுகிர்தாவும் டாக்டர் குகதாசனும். டாக்டருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பாரிஸில் படித்து, டொரொண்டோவில் மனைவியைப் புதைத்தவர். அவருக்குச் செடி வளர்க்கும் பொறுப்பும் இருந்ததால் பாதி நேரம் பசுமைக் கூடத்திலேயே கிடப்பார். ஆளரவம் இல்லாத அந்தக் கட்டடத்தில் மோட்டார் ஓடும் சத்தத்துக்குச் சுகிர்தா பழகியிருந்தாள். அது நின்றால்தான் அவளுக்குப் பயம்.

நான்காம் வருடம் பூமியிலிருந்து அந்தக் கேள்வி வந்தது. அடுத்த கப்பலில் குடும்பங்களை அனுப்பலாமா? மனிதர்கள் அங்கே குடியேறத் தயாரா? நால்வரும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டும். சுகிர்தாவின் கணவருக்கும் மகளுக்கும் இரண்டு இடம் ஒதுக்கியாகிவிட்டது, அவர்கள் சம்மதித்தால் போதும். திரும்பிப் போக விரும்புகிறவர்கள் அதே கப்பலில் திரும்பலாம். ஒன்று அவர்கள் வருவார்கள், இல்லை இவள் போவாள். நான்கு வருடமாக இந்த ஒரு கப்பலுக்காகத்தான் சுகிர்தா தண்ணீரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள் என்றே சொல்லலாம்.

“வருவீங்களா?” என்று இயந்திரத்திடம் கேட்டாள்.

“இது என்ன கேள்வி சுகி?” என்றது அருமைநாயகத்தின் குரல். “நாம மூணு பேரும் ஒண்ணா இருக்கணும்னுதான இத்தனையும். ஷைனிக்கு ஒரு ரூம் பாத்து வையி. நாம ரெண்டு பேரும் எங்கன வேணாலும் படுத்துக்கிடலாம்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் நிஜமான செய்தி வந்தது.

“சுகி, நாங்க பெருமாள்புரத்துக்கு வீடு மாறிட்டோம். ஷைனிக்கு ஸ்கூல் பக்கம். காத்து நல்லா வருது. கப்பல் விசயமா உன் ஆபீஸ்ல இருந்து பேசினாங்க. நாங்க இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல. யோசிச்சுச் சொல்லுதோம்.”

குரல் அதே குரல்தான். ஆனால் ஏதோ நெருடியது. திரும்பப் போட்டுக் கேட்டாள். நாங்க வீடு மாறிட்டோம். நாங்க முடிவு பண்ணல. மனிதர் தெரியாமல் சொல்லிவிட்டார் என்று சமாதானம் செய்துகொண்டு முந்தைய மாதத்துச் செய்தியைப் போட்டாள். அதற்கும் முந்தையதைப் போட்டாள். ஒரு வருடத்துக்கும் மேலாக, அரைகுறைக் கவனத்தோடு கேட்டுவிட்டுப் ‘பிறகு’ என்று ஒதுக்கிவைத்த செய்திகள். ஒன்றில்கூட ‘நாம’ இல்லை. எல்லாம் நாங்க, எங்க வீடு, எங்களுக்கு. கேட்கிறவளையும் சேர்த்துக்கொள்ளும் சொல்லை அவர் எப்போதோ கீழே வைத்துவிட்டார்.

பசுமைக் கூடத்தில் டாக்டர் பொட்டலச் சோற்றைச் சுடவைத்துக் காத்திருந்தார்.

“என்ன தங்கச்சி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?”

“எங்க வீட்டுல என்னை வெளிய தள்ளிட்டாங்க டாக்டர்.”

“ஆர் தள்ளினது?”

அவள் விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் கரண்டியைக் கையில் பிடித்தபடி யோசித்தார்.

“அவர் நாங்கள் எண்டு சொன்னதுக்கா இந்தக் கவலை? வேறை என்னெண்டு சொல்லுறது?”

“நாமன்னு சொல்லணும். இப்ப நீங்களும் நானும் சாப்பிடுதோம். என்கிட்ட இத எப்படிச் சொல்லுவீங்க?”

“நாங்கள் சாப்பிடுறம்.”

“நான் இல்ல, நீங்களும் வேற ஒருத்தரும் சாப்பிட்டீங்க. பொறவு என்கிட்ட வந்து சொல்லுதீங்க.”

“நாங்கள் சாப்பிட்டனாங்கள்.” டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரெண்டும் ஒண்டுதான் தங்கச்சி. நாம் எண்டது மேடையில பேசேக்க வாறது. வீட்டுக்குள்ள ஆர் அப்பிடிக் கதைக்கிறது? நீங்கள் இந்தியாக்காரர் ஆளை வெளியில விடுறதுக்கெண்டே ஒரு சொல்லு வச்சிருக்கிறியள். எங்களுக்கு அந்த வசதி இல்லை.”

அவர் கேலிக்குத்தான் சொன்னார். அவளால் சிரிக்க முடியவில்லை.

அறைக்கு வந்து இயந்திரத்திடம் சண்டை பிடித்தாள். “நாங்க நாங்கன்னு சொல்லுதீங்களே, நான் யாரு உங்களுக்கு?”

“நான் எப்ப அப்படிச் சொன்னேன் சுகி? நாமன்னுதான சொல்லுதேன்” என்றது அது, பாவமாக. உண்மைதான். அதனிடம் என்ன குற்றம் கண்டுபிடிப்பது? ஆனால் அவள் கத்திய கத்தல் அதற்குள் பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டுப் போயிருந்தது.

அருமைநாயகத்தின் பதில் வந்தபோது அதில் கோபமே இல்லை. அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். வாடிக்கையாளருக்கு மாத்திரை சாப்பிடும் முறையைச் சொல்வதுபோல நிதானமாகப் பேசினார்.

“நீ சொன்னது சரிதான். நான் வேணும்னேதான் நாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சேன். ஆனா முதல்ல ஆரம்பிச்சது நீ. ஷைனியோட பத்தாவது பொறந்த நாளுக்கு என்கிட்டப் பேசினியே, ஞாபகம் இருக்கா? ‘நாங்க ஷைனிக்குப் பேரு வைக்கும்போது எவ்வளவு யோசிச்சோம்’னு சொன்ன. பேரு வச்சது நீயும் நானும். அதுல நான் எங்க போனேன்? வாய் தவறி வந்துருக்கும்னு விட்டுட்டேன். அடுத்த தடவ, ‘நாங்க கல்யாணத்துக்குப் பொறவு வாங்கின அந்தப் பழைய ஸ்கூட்டர்’னு சொன்ன. அதுலயும் நான் இல்ல. உன்கிட்டக் கேக்கப் பயமா இருந்துச்சு சுகி. கேட்டா ஆமான்னு சொல்லிருவியோன்னு. அதான் நானும் பழகிக்கிட்டேன்.”

சுகிர்தா அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. விழுந்து விழுந்து சிரித்தாள். அட, இவ்வளவுதானா? பசுமைக் கூடத்துக்கு ஓடினாள்.

“டாக்டர், என் குடும்பத்தக் கெடுத்தது நீங்கதான்.”

டாக்டர் கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே போட்டுவிட்டார். “நானோ? நான் என்ன செய்தனான்?”

“உங்க பேச்சு என் வாயில ஒட்டிக்கிச்சு. நாலு வருசமா உங்ககிட்ட மட்டுந்தான பேசுதேன். உங்க நாங்கள் எனக்கும் வந்துட்டு. அத அவரு தப்பா எடுத்துக்கிட்டாரு. பேரு வச்சதுல அவர விட்டுட்டேனாம். நான் எங்க விட்டேன்? அவரையும் சேத்துத்தான் சொன்னேன்.”

“ஐயோ கடவுளே. உடன மனுசனுக்குச் சொல்லும் பிள்ளை. என்னைக் கூப்பிட்டாலும் வந்து சொல்லுறன், பிழை என்ர நாக்கிலதான் எண்டு.”

சும்மா சொன்னால் அவர் நம்புவாரா? ஆதாரத்தோடு அனுப்ப வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. முகாமில் வேலை நேரத்துப் பேச்செல்லாம் பாதுகாப்புக்காகப் பதிவாகும். அதிலிருந்து தான் ‘நாங்க’ என்று சொன்ன இடங்களை எடுத்துக் கொடுக்கும்படி கணினியிடம் கேட்டாள். சரம்சரமாக வந்து விழுந்தன. டாக்டரைப் பார்த்தே “நாங்க ரெண்டு பேரும்” என்று உளறியிருந்தாள். ஒட்டிக்கொண்ட பேச்சு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதையெல்லாம் ஒன்றாகக் கோத்து வைத்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆனால் எதையும் முழுதாகச் சரிபார்க்காமல் விடுவது அவளுடைய தொழிலில் கிடையாது. ‘நாம’ என்று சொன்ன இடம் ஏதாவது இருக்கிறதா என்றும் தேடச் சொன்னாள். அந்தச் சொல்லே தன் வாயிலிருந்து மறைந்துபோயிருக்கும், அதையும் ஆதாரமாக அனுப்பலாம் என்பது அவள் எண்ணம்.

மறைந்துபோகவில்லை. காற்றுக் குழாய் வெடித்த அன்று, “பயப்படாதீங்க டாக்டர், நாம பாத்துக்கிடலாம்” என்றிருந்தாள். முதல் தக்காளி பழுத்தபோது, “நாம விளைய வச்சது டாக்டர் இது” என்றிருந்தாள். பூமியிலிருந்து ஏதோ உத்தரவு வந்த அன்று, “நம்ம இடத்தப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?” என்று எரிந்து விழுந்திருந்தாள். ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க அவளுக்கு முகம் சூடேறியது. கடைசியாகப் போன மாதத்துப் பதிவு ஒன்று.

“ஷைனியும் அவங்க அப்பாவும் வந்தா அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர். கதவு திறக்கதுல இருந்து நாமதான் எல்லாம் சொல்லிக் குடுக்கணும்.”

அதைச் சொன்னபோது அவள் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறாள். குரலிலேயே தெரிந்தது. சொந்த மகளும் கணவரும் அதில் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளாக இருந்தார்கள்.

டாக்டரின் பேச்சு ஒட்டிக்கொண்டது உண்மை. ஆனால் முழுதாக ஒட்டவில்லை. ‘நாம’ அவளிடம் பத்திரமாகவே இருந்திருக்கிறது. பூமிக்குப் பேசும்போது அது வரவில்லை. இந்தச் சுவர்களோடும் குழாய்களோடும் பேசும்போதுதான் வந்திருக்கிறது. யாரும் அவளை வெளியே தள்ளவில்லை. அவளே எப்போதோ எழுந்து வந்து, கதவையும் சாத்திவிட்டிருக்கிறாள். இதை ஒத்துக்கொள்ள அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

கோத்து வைத்த ஆதாரம் அனுப்பத் தயாராக இருந்தது. அதை அனுப்பினால் அருமைநாயகம் நம்பிவிடுவார். நல்ல மனிதர், நம்புவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பவர். பெட்டியைக் கட்டிக்கொண்டு மகளோடு கப்பல் ஏறிவிடுவார். ஷைனியைக் கட்டிப்பிடிக்கலாம். ஆனால் வந்து சேர்ந்த பிறகு? காற்றும் வெளிச்சமும் இல்லாத இந்த இடத்தில், தன்னை விருந்தாளியாக நினைக்கிற ஒருத்தியை நம்பி அந்தப் பிள்ளை எப்படி வளரும்?

“என்னங்க,” என்று ஆரம்பித்தாள். டாக்டரின் பேச்சு ஒட்டிக்கொண்டதைச் சொன்னாள். பிறகு மற்றதையும் சொன்னாள். போன மாதப் பதிவை அப்படியே போட்டுக் காட்டினாள். “நான் உங்கள வெறுக்கல. உங்க ரெண்டு பேரையும் நினைக்காத நாள் இல்ல. ஆனா நான் இங்க உள்ளவளா ஆயிட்டேன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். நீங்க வாறதா இருந்தா இதத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. இல்ல, நான் திரும்பி வரணும்னா ஒரு வார்த்த சொல்லுங்க, வந்துருதேன்.”

சொல்லி முடித்ததும் இயந்திரம் அவருடைய குரலில், “சுகி, அழாதம்மா” என்றது. அவள் அதை அணைத்துவிட்டாள். நான்கு வருடத்தில் முதல் தடவையாகப் பதில் வரும்வரை வெறுமனே காத்திருந்தாள். போவதற்கு இருபது, வருவதற்கு இருபது என்று வாயால் சொல்வது எளிது. அந்த நேரம் முழுக்க யாரும் அவளோடு பேசவில்லை. இந்த ஊர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாற்பது நிமிடம் கடந்தும் பதில் இல்லை. அன்று முழுவதும் இல்லை. மறுநாள் மதியம் வந்தது.

பேசியது அருமைநாயகம் அல்ல.

“அம்மா, நான் ஷைனி. அப்பாவால பேச முடியல, அதான் நான் பேசுதேன். நீங்க சொன்னத ரெண்டு பேரும் கேட்டோம். எனக்குக் கோவம்லாம் இல்லம்மா. ஆனா நாங்க வரல. நீங்களும் எங்களுக்காகத் திரும்பி வர வேண்டாம். வந்தா வீட்டுல ரெண்டு அம்மா ஆயிரும்.”

வாய் நிறைய ‘நீ’ என்று கூப்பிட்ட பிள்ளை. ‘நீங்க’ எப்போது வந்தது என்று சுகிர்தாவுக்குத் தெரியவில்லை.

“இங்க உங்க குரல்ல பேசுற அம்மா இருக்கா. ஸ்கூல் விட்டு வந்தா அவகிட்டத்தான் எல்லாம் சொல்லுவேன். நாம நாளைக்கு என்ன செய்யலாம், நாம எப்ப கடைக்குப் போகலாம்னு கேட்டுக்கிட்டே இருப்பா. போன வருசம் அப்பா நீங்க அனுப்பினது எல்லாத்தையும் அவளுக்குள்ள சேத்தாங்க. பொறவு அவ மாறிட்டா. தண்ணி, குழாய், டாக்டர்னே பேசினா. நான் சாப்பிடாம அழுதேன். அப்பா பழையபடி மாத்தி வச்சுட்டாங்க. இப்ப என்னன்னா, நாங்க வராம நீங்களும் அங்கயே இருந்துட்டா இணைக்குரல் ஏற்பாடு முடிஞ்சிருமாம், உங்க ஆபீஸ்ல அவள மூடிருவாங்களாம். மூடாம அப்படியே வைக்கணும்னா நீங்க சரின்னு சொல்லணுமாம். இனிமே நீங்க பேசுறது எதையும் அவளுக்குள்ள சேக்கக் கூடாதுன்னும் நீங்களே சொல்லணுமாம். சொல்லுவீங்களா?”

அங்கே செய்தி முடிந்தது. பின்னால் ஒரு நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

சுகிர்தா பேச ஆரம்பித்தாள். அந்த அம்மா நானில்லை ஷைனி, நான்தான் உன்னைப் பெற்றவள், உனக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் மடியில் போட்டுக்கொண்டிருந்தவள் என்று நிறையப் பேசினாள். பேசியதைத் திரும்பக் கேட்டாள். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளை வாதாடவில்லையே, ஒன்றைக் கேட்கிறாள், அவ்வளவுதானே? தன்னால் அவளுக்குக் கொடுக்க முடிகிற ஒரே ஒரு பொருள் அது. பேசியதை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

“சரி ஷைனி. அவ அப்படியே இருக்கட்டும். என் பேச்சு எதையும் அவளுக்குள்ள சேக்க வேண்டாம். இதையும் சேத்துத்தான் சொல்லுதேன்.”

அனுப்பிய பிறகு அழுதாள். கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள். பசுமைக் கூடம் தூரம் என்பதால் டாக்டருக்குக் கேட்கவில்லை.

பூமி கேட்ட கேள்வி பதிலில்லாமல் திரையில் நின்றுகொண்டிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் போதுமா, காற்று போதுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் மளமளவென்று பதில் சொன்னாள். மனிதர்கள் குடியேறத் தயாரா என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கினாள்.

“தயார்தான்,” என்று சொன்னாள். “ஷைனி பேர்லயும் அருமைநாயகம் பேர்லயும் இருக்கிற ரெண்டு இடத்தையும் வேற குடும்பத்துக்குக் குடுத்துருங்க. சின்னப் பிள்ளை உள்ள குடும்பமா இருந்தா, அந்தப் பிள்ளையோட அம்மாவையும் அதே கப்பல்லயே கூட்டிட்டு வாங்க.”